குருவி பார்த்தவர்கள்

“வழக்குப் பொருளாகக் கையேற்கப்படும் ஒன்றின் பெயர் தெரியாதவிடத்து, அதனை ஊகித்து எழுதலாகாது. அப்பிரதேசத்தில் அதனை அறிந்தவரிடம் கேட்டறிந்து எழுதுதல் வேண்டும்.”

நான் நீதிமன்றச் சேவையில் சேர்ந்த நாளில் கையில் தரப்பட்ட நடைமுறைக் கோவையில் இந்த வசனம் இருந்தது. கோவையைத் தந்த பெரியவர், “வாசிக்காதீங்க தம்பி, வாசிச்சா வேலை ஓடாது” என்று சொல்லித்தான் தந்தார். நான் வாசித்தேன். அவர் சொன்னது சரி.

போன மாதம் அந்த நீதிமன்றத்தில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெயர் தெரியாத சாமான் வந்தால் இனித் தொல்லை இல்லையாம். போனில் படம் பிடித்தால் போனே பெயர் சொல்லுமாம். எனக்குச் செய்து காட்டுவதற்காக எங்கள் வீட்டுப் பாக்குவெட்டியைப் படம் பிடித்தார்கள். அது நண்டு என்று போன் சொன்னது. எங்கள் காலத்துக் குழுக்களைவிட இது மோசமில்லை என்றேன். என்ன குழு, என்ன கதை என்று கேட்டார்கள். சொல்லத் தொடங்கினால் நீளும், எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே; அவ்வளவுதான் கற்றது. தங்கச் சங்கிலி வந்தால் ‘மஞ்சள் நிற உலோகச் சங்கிலி’ என்று எழுத வேண்டும். சாராயம் வந்தால் ‘சாராய வாடையுள்ள திரவம்’. நீளம், நிறம், எடை, எதனால் ஆனது, என்ன அடையாளம் என்று எழுதி, துண்டு கட்டி, அரக்கு உருக்கி முத்திரை குத்தி, வழக்குப் பொருள் அறையின் தட்டில் வைத்துப் பூட்டுவது. அந்த அறையின் திறப்பு என் இடுப்பில் இருந்த காலமே என் உத்தியோக காலம்.

கண்டதை எழுதுவதிலும் ஆபத்து உண்டு. ஒருமுறை களவு மாடு ஒன்று வந்தது. கபில நிறம் என்று எழுதி நீதிமன்றத்துக்குப் பின்னால் கட்டினேன். இரண்டு மழை பெய்ததும் மாடு வெள்ளையாகிவிட்டது. கள்ளன் சாயம் பூசியிருக்கிறான். சொந்தக்காரன் தன் வெள்ளை மாட்டைக் கண்டு அழுதான். பதிவாளர் என்னைக் கூப்பிட்டு, “இது சரி, அந்தக் கபில மாடு எங்க?” என்று கேட்டார். அவர் பகிடி விடவில்லை. பகிடி விடும் பழக்கம் அவருக்கு இல்லை.

அந்தப் பதிவாளர் ஜவ்பர் சேரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். வெள்ளைச் சேர்ட், அத்தர் வாசம், கழுவிக் கழுவிச் சுருங்கிய விரல்கள். கெட்ட மனிதரல்ல. லஞ்சம் வாங்கியதில்லை, ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை, ஒரு முடிவும் எடுத்ததில்லை. நாம் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினால் ஓரத்தில் சிவப்பு மையால் ‘கதைக்கவும்’ என்று எழுதித் திரும்பிவரும். கதைக்கப் போனால் முழுவதையும் கவனமாகக் கேட்பார். கேட்டு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “இதை எழுத்தில தாங்க” என்பார். எழுத்தில் கொடுத்தால் ‘கதைக்கவும்’. இப்படி அவருடைய மேசைக்கும் என்னுடையதுக்கும் இடையில் நடந்தே சில வழக்குகள் செத்துப்போயின. யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு தாளிலும் அவருடைய கையெழுத்து இருக்கும்.

இந்த இடத்துக்குத்தான் இர்பானின் பெட்டி வந்தது.

இர்பான் சாய்ந்தமருதில் பெண் எடுத்து, மனைவியின் வீட்டில் இருந்தவன். மின்சார வேலை தெரிந்தவன். கட்டாரில் வேலை சரிவந்து, விசாவும் வந்து, பொலிஸ் நற்சான்றிதழுக்காகக் காத்திருந்தான். அந்த நேரத்தில் பாலமுனையில் அவனுடைய தாய்மாமா மவுத்தாகிவிட்டார். கலியாணம் கட்டாத மனிதர். அவருடைய அறையை ஒதுக்கச் சொல்லி உம்மா இவனை அனுப்ப, கட்டிலுக்கடியில் கிடந்த மரப்பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் வீடு உடைத்துக் களவு போய்க்கொண்டிருந்தது. பெரிய தெருவில் பொலிஸ் மறித்தது.

பொலிஸ் அறிக்கையில் இருந்த கேள்வி பதிலை இப்போதும் ஒப்புவிப்பேன்.

“யாருடைய பெட்டி?”

“மாமாட.”

“இது என்ன சாமான்?”

“தெரியா.”

“மாமா என்ன வேலை?”

“யாவாரம்.”

“என்ன யாவாரம்?”

“தெரியா.”

தான் கொண்டுபோகும் சாமானின் பெயரும் தெரியாது, மாமாவின் தொழிலும் தெரியாது என்பவனைக் கண்டால் எந்த சார்ஜன்டுக்கும் வயிறு குளிரும். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கண்டுபிடித்தார். நுனி உருண்ட மெல்லிய வெள்ளிக் கம்பி, பூட்டுத் திறக்க. ஒரு முனையில் சேர்த்துப் பிணைத்த இரண்டு மரச் சலாகைகளும் அவற்றை இறுக்கும் வளையமும், யன்னல் கொளுக்கியைப் பிடித்து இழுக்க. நுனி மழுங்கிய வளைந்த சிறு கத்தி, கம்பி வலை அறுக்க. நுனியில் துளையுள்ள இரண்டு மாட்டுக் கொம்புகள், சுவரில் வைத்து உள்ளே ஆட்கள் நித்திரையா என்று கேட்க. பித்தளைச் சிமிழில் இருந்த சாம்பல் நிறத் தூள், நாயை மயக்க. தூளை மோந்து பார்த்து சார்ஜன்ட் தும்மியதாக இர்பான் பிறகு சொன்னான். தும்மல் அறிக்கையில் இல்லை. வெள்ளைத் துணி ஒன்றும் இருந்தது. அதற்கு ஒரு வேலையும் அகப்படாததால் ‘துணி’ என்று சரியாக எழுதியிருந்தார்.

வழக்கு பதிவாயிற்று. வழக்கு இருக்கும்வரை நற்சான்றிதழ் இல்லை. நற்சான்றிதழ் இல்லாமல் கட்டார் இல்லை. விசாவோ மாத முடிவுடன் காலாவதி. அந்தப் பெட்டியில் இருப்பது இன்னது என்று யாராவது ஒருவர் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும், அவன் போய்விடுவான்.

நான் கோவையிலுள்ள விதியைக் காட்டி, அறிந்தவரிடம் கேட்கலாம் என்று குறிப்பு அனுப்பினேன். ‘கதைக்கவும்’ என்று வந்தது. போனேன்.

“அறிந்தவர் எண்டா ஆர்?” என்றார் ஜவ்பர் சேர்.

“அது என்ன சாமான் எண்டு தெரிஞ்சாத்தான் ஆரைக் கேக்கிறது எண்டு தெரியும் சேர்.”

“அப்ப ஒரு குழு போடுவம்.”

குழுவில் ஜவ்பர் சேரும் நானும். மருதமுனையிலிருந்து நெசவுப் போதனாசிரியர் கலீல். பெரியநீலாவணையைச் சேர்ந்த மீன்பிடி உத்தியோகத்தர் தவராசா. கையால் செய்யும் தொழில் எங்கள் கரையில் இரண்டுதானே, தறியும் கடலும் என்பது ஜவ்பர் சேரின் கணக்கு. வயல்காரர்களைக் கூப்பிட்டால் நாற்காலி காணாது என்று விட்டுவிட்டார்.

வழக்குப் பொருள் அறையில் மேசை போட்டு, பழைய பத்திரிகை விரித்து, முத்திரையை உடைத்துச் சாமான்களைப் பரப்பினேன். கலீல் மரச் சலாகையைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். “தறியில இப்பிடி ஒண்டு இல்ல. இது கடல் சாமான்” என்றார்.

“கடலுக்கா?” என்றார் தவராசா. “இதைக் கொண்டு கடலுக்குப் போனா மீனெல்லாம் சிரிச்சே செத்துப்போகும். இது நூல் பிடிக்கிற சாமான் ஐசே.”

“நூலா? எங்கட நூலை இதுக்குள்ள வெச்சா நசிஞ்சு போகும்.”

“அப்ப கொம்பு?”

“கொம்பை நீங்கதான் சொல்லணும். சங்கு ஊதுறது ஆர், நாங்களா நீங்களா?”

ஜவ்பர் சேர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தபடி இரண்டு கருத்துகளையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்தேன். தவராசா சலாகைகளை விரித்து, வளையத்தைக் கீழே தள்ளி, டக்கென்று மூடினார். நன்றாக வேலை செய்கிறதே என்று மறுபடியும் விரித்து மூடினார். டக். அந்த அறையின் கூரை ஓட்டுக்குள் குருவிகள் கூடு கட்டியிருக்கும். ஒன்று தவறி உள்ளே வந்து சுற்றியது. தவராசா நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்ததை மூடியபடியே சொன்னார்:

“அங்க பாருங்க, குருவி.”

டக்.

கலீல் கதிரையில் இருந்துவிட்டார். ஜவ்பர் சேர் ஏற்கெனவே இருந்தவர். இரண்டு கால்களையும் சேர்த்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, “அஸ்தஃபிருல்லாஹ்” என்றார். நான் பதிவுப் புத்தகத்தை நெஞ்சிலிருந்து எங்கே இறக்கிப் பிடித்தேன் என்று எழுதத் தேவையில்லை.

“என்ன சேர், எல்லாருக்கும் என்ன நடந்தது?” என்றார் தவராசா, ஒருவர் முகத்தை விட்டு மற்றவர் முகத்தைப் பார்த்து. அறையில் முஸ்லிம் அல்லாதவர் அவர் ஒருவர்தான்.

வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். எங்கள் வயது முஸ்லிம் ஆண்கள் எல்லோருக்கும் சிறு வயதில் சுன்னத்து, அதாவது முன்தோல் வெட்டும் சடங்கு, செய்துவைத்தது அதையே தொழிலாகக் கொண்ட ஒஸ்தா மாமாதான். டொக்டரிடம் போகும் வழக்கம் எங்களுக்குப் பிறகு வந்தது. கவிழ்த்த உரலில் வெள்ளைத் துணி விரித்து இருத்துவார்கள். ஒருவர் பின்னால் நின்று பிடிப்பார். ஒஸ்தா மாமா முகட்டைக் காட்டி, “அங்க பாருங்க மருமகன், குருவி” என்பார். பார்ப்போம். டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான். அங்கே குருவியும் இருக்காது. இந்தக் கரையில் ஒரு தலைமுறை ஆண்கள் முழுப்பேரும் அந்தச் சாமான்களோடு நெருங்கிப் பழகியவர்கள். ஒருவர்கூடக் கண்ணால் கண்டதில்லை. கொம்பு, கெட்ட இரத்தம் உறிஞ்சி எடுக்க. அதுவும் ஒஸ்தாவின் வேலைதான். சாம்பல் தூள், காயத்துக்கு.

மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. ஜவ்பர் சேர் எழுந்து, “குழு ஒரு முடிவுக்கு வர ஏலாமல் இருக்கு. கொழும்புக்கு எழுதி நிபுணர் அபிப்பிராயம் எடுப்பம்” என்றார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் எடுத்த முதல் முடிவு அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஒரு குறிப்பு எழுதினேன்: இவை ஒஸ்தாவின் கருவிகள், குழுவில் மூவர் அறிவர். ‘கதைக்கவும்’ இம்முறை இரட்டைக் கோடிட்டு வந்தது.

“எழுதினா, எப்பிடித் தெரியும் எண்டு கோட்டில கேப்பாங்க” என்றார்.

“நேரடி அனுபவம் எண்டு சொல்லலாம் சேர்.”

“ஆர்ட அனுபவம்?”

“குழுவின் அனுபவம்.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. “என்ட ஒப்பத்துக்கு மேல அந்த வசனம் போக ஒண்ணா” என்றார்.

கொழும்புக்குப் படங்களுடன் கடிதம் போயிற்று, ‘இனங்காணப்படாத பழைய கைக்கருவிகள்’ என்ற தலைப்பில்.

இர்பானை நீதிமன்றத்துக்கு முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அவன் டொக்டரிடம் செய்துகொண்ட தலைமுறை. அவனுக்கு அந்தக் குருவி தெரியாது. சொன்னதைக் கேட்டுக் கிளாசைத் தள்ளி வைத்தான்.

“பள்ளிக்கூட லீவு விட்டா மாமா பையோட பஸ் ஏறிருவார் சேர். வெளியூர்ப் பக்கமெல்லாம் போவார். புடவை யாவாரம் எண்டு உம்மா சொல்லும். ஒரு நாளும் ஒரு சாரம் கொண்டு வந்ததில்ல.” பிறகு சிரித்தான். “கொம்பால சுவர்ல கேட்டன் எண்டு எழுதியிருக்காங்க.”

“இப்ப எழுதலாம்தானே, உன் மாமா ஒஸ்தா எண்டு?”

“எனக்கென்ன சேர். எனக்குப் போகணும். உம்மாவக் கேளுங்க.”

கேட்கத் தேவைப்படவில்லை. அடுத்த நாள் உம்மாவே என் வீட்டுக்கு வந்துவிட்டார். கதிரை போட்டும் இருக்கவில்லை.

“அதை மட்டும் கோட்டில சொல்லிராதீங்க தம்பி. என்ட மகளுக்கு அட்டாளைச்சேனையில சம்மந்தம் பேசியிரிக்கி. மகன்ட மாமிக்கும் தெரியா. என்ட கூடப்பிறந்த காக்கா யாவாரி எண்டுதான் எல்லார்ட்டயும் சொன்ன நான்.”

“உங்கட மகனைக் கள்ளன் எண்டு எழுதியிருக்காங்க ராத்தா.”

“கள்ளனெண்டா நாலு நாளைக்குக் கதைப்பாங்க, விட்டிருவாங்க. ஒஸ்தா வீடெண்டா பேரப்புள்ளைக்கும் கதைப்பாங்க.”

அவர் சொன்னது உண்மை. பிள்ளைக்குச் சுன்னத்து என்றால் கிடாய் அறுத்து ஊரைக் கூப்பிடுவோம். மாலை போடுவோம், குதிரையில்கூட ஏற்றுவோம். ஒஸ்தாவுக்குச் சோறு பின் வளவில். மார்க்கக் கடமையை நிறைவேற்றித் தந்த கைக்கு முன் வாசலில் பாய் விரிக்க எங்களுக்கு மனம் வராது. அந்த வீட்டில் பெண் கேட்க வாயும் வராது. எல்லோரும் சமம் என்று வெள்ளிக்கிழமை பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டுகிற ஊர்தான்.

வழக்கு நாள் வந்தது. நீதவான் அந்த மாதம்தான் மாற்றலாகி வந்திருந்த இளம் பெண்மணி. மலைநாட்டுப் பக்கத் தமிழர். மேசையில் பரப்பியிருந்ததைப் பார்த்தார். சார்ஜன்ட் கொம்பில் தொடங்கினார். சுவரில் காது வைக்கும் கட்டத்தில் அவரை நிறுத்தி, இர்பானைப் பார்த்து, “இவை என்ன?” என்று கேட்டார்.

மண்டபத்தின் பின் வரிசை வாங்கில் உம்மா, முந்தானையை வாயில் வைத்தபடி. இர்பான் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பினான். பிறகு நீதவானைப் பார்த்தான்.

“என்ட மாமா ஒஸ்தா, அம்மா. முஸ்லிம் ஆம்பிளப் புள்ளையளுக்குச் சுன்னத்து செய்யிற ஆள். இது அவர்ட சாமான். எனக்கு முதல்ல தெரியா. இப்பத் தெரியும்.”

“இதை உறுதிப்படுத்த யாராவது இருக்கிறார்களா?”

“இந்த மண்டபத்தில இரிக்கிற வயசான முஸ்லிம் ஆம்பிளையள் ஆரையும் கேளுங்க அம்மா.”

நான் சுற்றிப் பார்த்தேன். சட்டத்தரணிகள், எழுதுவினைஞர்கள், பிணைக்கு நிற்க வந்தவர்கள், கூட்டத்தை அடக்க நின்ற சேவகன்; எல்லோரும் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது ஐம்பது வருடங்களுக்குப் பிறகும் அதே குருவியைத் தேடினார்கள்.

நீதவான் திரும்பினார். “பதிவாளர், உங்களுக்குத் தெரியுமா?”

ஜவ்பர் சேர் எழுந்தார். “விபரம் கொழும்புக்கு எழுதப்பட்டிருக்கு அம்மா. பதில் வந்ததும்…”

“நான் கொழும்பைக் கேட்கவில்லை.” நீதவான் என்னைப் பார்த்தார். “வழக்குப் பொருள் பொறுப்பாளர் நீங்கள்தானே. தெரியுமா?”

“தெரியும் அம்மா. அவர் சொன்னது சரி.”

“எப்படித் தெரியும்?”

கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்று படித்தவன் நான். இதுவோ கண்டதும் அல்ல, நினைத்ததும் அல்ல.

“நேரடி அனுபவம்” என்றேன்.

முதலில் சிரித்தது சேவகன். பிறகு மண்டபம் முழுவதும். நீதவான் மேசையில் குனிந்து ஏதோ எழுதுவதுபோல் சிறிது நேரம் இருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. சந்தேக நபர் விடுவிப்பு, பொருட்கள் உரியவரிடம் ஒப்படைப்பு. கட்டளை ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்காகவே நாங்கள் குழு போட்டோம், கூரை பார்த்தோம், கொழும்புக்கு எழுதினோம்.

ஓய்வு பெறும்வரை அலுவலகத்தில் எனக்கு ‘நேரடி அனுபவம்’ என்பதே பெயர். என் பிரியாவிடைக் கூட்டத்தில் மாலை போட்டவர்கூட அதைச் சொல்லித்தான் போட்டார். ஜவ்பர் சேர் எனக்கு முன்பே ஓய்வுபெற்று, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். கொழும்புக் கடிதத்துக்கு நினைவூட்டல் அனுப்பலாமா என்று அவருடைய சேவையின் கடைசி வாரத்தில் எழுதிக் கேட்டேன். ‘கதைக்கவும்’ என்று வந்தது. போவதற்குள் அவர் போய்விட்டார்.

இர்பான் விசா முடிவதற்கு முன் கட்டார் போனான். அட்டாளைச்சேனைச் சம்பந்தம் குழம்பியது. மாப்பிள்ளையின் வாப்பா ஆள் அனுப்பி, குடும்பம் ஒத்துவராது என்று சொல்லிவிட்டார். அவரை எனக்குத் தெரியும். என் வயது, அவரும் குருவி பார்த்தவர்தான். தங்கைக்கு வேறிடத்தில், எல்லாம் கேட்டறிந்தே கட்டிய நல்ல மனிதன் ஒருவன் வாய்த்தான். ஆனால் அந்தக் குழப்பத்துக்காக உம்மா மகனுடன் நெடுங்காலம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவன் போன் எடுத்தால் மகளிடம் கொடுத்துவிடுவார். நீதிமன்றம் திருப்பிக் கொடுத்த பெட்டியையும் வீட்டுக்குள் எடுக்கவில்லை. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

போன வாரம் இர்பான் லீவில் வந்து தன் மகனுக்குச் சுன்னத்துக் கலியாணம் வைத்தான். கல்முனையில் தனியார் ஆஸ்பத்திரி, ஏசி அறை, டொக்டர், மயக்க ஊசி. வீட்டில் வைத்த விருந்துக்கு எனக்கு அச்சடித்த அழைப்பிதழ் வந்தது. போனேன். பிள்ளை கட்டிலில் போன் பார்த்தபடி கிடந்தான். கட்டிலில் விரித்திருந்த வெள்ளைத் துணி எனக்குப் பழக்கமானது. பொலிஸ் சரியாகப் பெயர் எழுதிய ஒரே பொருள். அதில் என் அரக்கு பட்ட சிவப்புப் புள்ளி கழுவியும் போயிருக்கவில்லை.

“ஆர் இதை எடுத்து விரிச்சது?” என்று இர்பானிடம் கேட்டேன். அவன் குசினிப் பக்கம் கண்ணைக் காட்டினான். உள்ளே உம்மா, கூடியிருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஆஸ்பத்திரிக் கணக்கைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“கையில ஒரு உறை, காலில ஒரு உறை, அதுக்கொரு காசு! என்ட காக்கா இருந்திருந்தா ஒரு டக்கில முடிச்சிருப்பார். எத்தின ஊர்ப் புள்ளையளுக்குச் செஞ்ச மனிசன்! ஒண்டு காய்ச்சலெண்டு படுத்திருக்குமா? கேட்டுப் பாருங்ககா!”

பந்தியில் இருந்தபோது, எங்கள் பாக்குவெட்டியைப் படம் பிடித்த அந்த இரண்டு இளம் உத்தியோகத்தரில் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். கையில் கொழும்பிலிருந்து வந்த ஒரு நீள உறை. காலைத் தபாலில் வந்ததாம், எந்தக் கோவைக்கு உரியது என்று யாருக்கும் விளங்கவில்லையாம். கறிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி அவரையே வாசிக்கச் சொன்னேன். தாங்கள் அனுப்பிய படங்கள் பரிசீலிக்கப்பட்டன. கருவிகள் பெரும்பாலும் தேன் எடுப்போர் பயன்படுத்தியவையாக இருக்கலாம். எனினும் திட்டவட்டமாகக் கூறுவதற்கில்லை. ஆகவே அப்பிரதேசத்தில் இவற்றை அறிந்தவர்களிடம் கேட்டறிந்து கொள்ளவும்.

“என்ன பதில் எழுதட்டும் சேர்?” என்றார்.

பெற்றுக்கொண்ட திகதியைப் போட்டுக் கோவையில் சேர்க்கச் சொன்னேன். அவர் என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த அழைப்பிதழை எடுத்து, அதில் இருந்த அன்றைய திகதியைப் பார்த்து எழுதிக்கொண்டார்.